மதினியின் கீரைப்பாத்தியில் சுண்ணாம்பு

அன்புள்ள மதினி,

முதலில் மன்னிப்பு. கூட இருந்தவரை நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், இப்போது ஊரே படிக்கும்படி உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். "காலேசுக்குப் போற புள்ள, வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துரும்?" என்று நீங்கள் கேட்பது இன்னும் காதில் விழுகிறது.

நான் பியூசி படித்த கோடையில் கண்மாய் வற்றியதே, நினைவிருக்கிறதா? வயலுக்கு உரமாகப் போட ஊரே கண்மாய்க்குள் இறங்கி வண்டலை, கரம்பை மண்ணை, வெட்டியது. எல்லோரும் மேட்டுப்பக்கம் வெட்ட, பழைய லாரி பேட்டரி உடைக்கும் கொட்டகைக்குக் கீழே, ஓடை வந்து சேரும் இடத்தில் நீங்கள் வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். "மண்ணு மையாட்டம் இருக்கு. அங்குட்டு ஏன் போறீக?" என்று அண்ணனை அதட்டினீர்கள்.

கூடையில் சாம்பல்நிறப் பேட்டரித் தகட்டுத் துண்டுகள் கிடந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தீர்கள், எப்படிச் சொல்வது? பிறகு நம்மைப் பார்த்து அங்கே மண் எடுத்த மற்ற வீட்டாரும் இதைப் படிக்கட்டும்.

போன மாசியில் பாம்பு தீண்டி நீங்கள் போய்விட்டீர்கள். எனக்குக் காரைக்குடியில், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அந்தத் தகடுகள் மனதை அரித்துக்கொண்டே இருந்தன. அந்தக் கரம்பையைக் கொட்டிய உங்கள் கீரைப்பாத்தி மண்ணையும் அதில் விளைந்தவற்றையும் கொண்டுபோய் என் ஆசிரியையோடு சோதித்துப் பார்த்தேன். மண்ணில் அந்தத் தகடுகளின் ஈயம் இருந்தது. கீரையிலும் முள்ளங்கியிலும் இருந்தது. கத்தரிக்காயில் மிகக் குறைவு. இலையையும் கிழங்கையும் போலக் காய்க்கு அவ்வளவு ஏறாதாம். நம் செம்மண்ணின் புளிப்பைச் சுண்ணாம்பு போட்டுத் தணித்து, மக்கிய சாணியும் கலந்தால், ஈயம் மண்ணோடே ஒட்டிக்கொள்ளும். வேருக்குள் போவது குறையும் என்றார் ஆசிரியை.

ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். உங்கள் வள்ளிக்கு நாலு வயது. தினமும் அந்தக் கீரையைத்தான் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தோம், மதினி.

"வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு மண்ணுக்கா? மண்ணுக்கு வாய் செவந்துச்சான்னு அப்புறம் சொல்லு," என்று அண்ணன் சிரித்தார். கீரையைப் பிடுங்கவேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது. "அவ போட்ட வெதையில வந்தது. அதுல கை வச்ச, எனக்குத் தங்கச்சியே இல்ல."

"வள்ளியும் அவுக பெத்ததுதாண்ணே," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அண்ணன் வரப்பில் உட்கார்ந்தார். பிறகு அவரே இறங்கி முதல் கீரையைப் பிடுங்கினார்.

சுண்ணாம்பும் சாணியும் போட்டுக் கத்தரி நட்டோம். முதல் காய் அடுப்படிக்குப் போகவில்லை, ஆய்வுக்கூடத்துக்குப் போனது. பயமில்லை என்று தெரிந்த பிறகுதான் சமைத்தோம். "அத்தே, கத்திரிக்கா பாஸா?" என்று கேட்கிறாள் உங்கள் மகள்.

உங்கள் கீரை விதைக் கலயம் பத்திரமாக இருக்கிறது. கிணற்றுக்கு அந்தப் பக்கம், கரம்பை படாத இடத்து மண்ணைச் சோதித்துவிட்டு அதில் தூவுவேன். பழைய பாத்தியையும் ஒவ்வொரு விதைப்புப் பட்டத்துக்கும் சோதிப்பேன். கண்ணால் பார்த்ததை இனி வாய்க்குள் வைத்துக்கொள்ள மாட்டேன். இது சத்தியம்.

கேட்க நினைத்தது ஒன்றுதான். அடுத்த வாரம் உங்களுக்கு முதல் திதி. அதற்குள் புதுக்கீரை வராது. கடைக்கீரையோ உங்களுக்கு ஆகாது. படையல் இலையில் கத்தரிக்காய்க் கூட்டுதான் இருக்கும். கீரை எங்கே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள், மதினி.

வாய் திறந்துவிட்ட உங்கள் நாத்தனார்,
செல்வி