கத்தரிப் பாத்தியில் தானாய் முளைத்தது

1951, மார்கழி, வெள்ளிக்கிழமை இரவு

நாளை என் மனைவி கன்னியம்மாவுக்கு முதல் வருஷத் திதி. சமையலுக்கு ஒத்தாசையாக அக்கா எண்ணூரிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். கொல்லைக்குப் போனவள் அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"இன்னாடா இது? கத்திரிச் செடிய அமுக்கிகினு உருளைக்கெயங்கு மொளச்சிக் கீது. புடுங்கிப் போட மாட்டியா?"

"விருந்தாளிக்கா, எப்டிப் போன்னு சொல்றது?" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. கத்தரி இலைகள் வாடித்தான் கிடந்தன.

போன வருஷம் நான் நட்டுத் தோண்டியதில் மண்ணுக்குள் தங்கிப்போனவை இந்த மழைக்கு முளைத்துவிட்டன. பிடுங்க மனம் வராமல் விட்டிருந்தேன். இன்று பிடுங்கினேன். வேரில் கோலிக்குண்டு அளவில் கிழங்குகள் தொங்கின.

"இந்த உப்பு மண்ல கெயங்கு வெளயாது" என்று கன்னியம்மா சாதித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் ஒரு கிழங்கைத் தோண்டி அவள் கையில் கொடுத்தேன். "கடைல வாங்கிப் பொதச்சியா? உன்ன எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். நான் சத்தியம் செய்தேன். அதற்கும் சிரித்தாள். அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு செடியை மட்டும் எறியாமல் அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சீமைக் கெயங்கு படையலுக்கு ஆவாதுடா" என்றாள் அக்கா.

"துன்றதுக்கு இல்லக்கா. அவ பாக்கறதுக்கு."

அக்கா செடியிலிருந்து கிழங்குகளைக் கிள்ளிக் கழுவப் போனாள். நான் தடுத்தேன்.

"கிள்ளாதக்கா. வேரோட வெச்சாத்தான் நம்புவா."