சரணடைந்தவர்கள்

அன்புள்ள மச்சாளுக்கு,

போன கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "நான் திரும்பக் கலியாணம் செய்யப் போறன். உங்கடை தம்பி உயிரோடை இல்லையெண்டு நீங்கள்தான் கோட்டிலை வந்து சொல்லவேணும், மச்சாள்" என்றாய்.

இன்று டவுன்டவுன் கல்லூரியில், அடிமைமுறையால் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பாடம் எடுத்தேன். சரணடைந்த வடக்குப் படையின் கறுப்பின வீரர்களைத் தென்மாநிலங்கள் போர்க்கைதிகளாக ஏற்கவில்லை. சட்டப்படி அவர்கள் தப்பியோடிய உடைமைகள் என்றார்கள். கையை உயர்த்திய பிறகும் சிலரைச் சுட்டார்கள், சிலரைத் திரும்பவும் அடிமைகளாக்கினார்கள்.

"அவர்களுடைய வீட்டாருக்கு யார் சொன்னது?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

பலருக்கு யாருமே சொல்லவில்லை என்றேன். ஊரில் எங்கள் போர் முடிந்த நாளில் ஆமியிடம் சரணடைந்து, உன் கண்முன்னே பஸ்ஸில் ஏறித் திரும்பி வராத தம்பியின் முகம் நினைவில் வந்தது. வகுப்பை அத்துடன் நிறுத்திவிட்டேன். மெட்ரோ ரயிலில் இடமிருந்தும், வீடிருக்கும் வில்லரே வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

இத்தனை வருடம் நீ காத்திருந்தது போதும். சாட்சி சொல்ல நான் கோட்டுக்கு வருகிறேன். அவன் இறந்துவிட்டான் என்று என் வாயால் சொல்லும்போது நீ பக்கத்தில் நில். கூறைச்சேலை நான்தான் எடுத்துத் தருவேன். வேண்டாம் என்று சொல்லாதே.

இனியும் உனக்கு,
மச்சாள்