தலை தீபாவளிக்கு வந்த டச் போன்

2006 அக்டோபர் 14, சனி

விடாத மழை. வெங்காயக் கொல்லையில் தண்ணீர் நிற்கும் என்று மண்வெட்டியோடு போன அப்பா, மத்தியானம் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். பெட்டிக்கு மேல் உரச் சாக்கு. அவர் தலைக்கு மேல் ஒன்றும் இல்லை.

டச் போன். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மேலத்தெரு அண்ணன் கொண்டுவந்தது. எனக்கில்லை. செல்வி அக்காவின் புருஷனுக்கு, அதாவது மாமாவுக்கு, தலை தீபாவளிச் சீர். மோதிரம் போடுகிறோம் என்றதற்கு, "மோதிரமெல்லாம் இப்ப யாரு போடறா, டச் போன் ஒண்ணு பாருங்க" என்று சொல்லிவிட்டாராம். தலை தீபாவளி அவருக்கு. தலைவலி தீபாவளி எங்களுக்கு.

அம்மா முனகிக்கொண்டே இருந்தாள். அப்பா ஒரே வரியில் அடக்கினார்: "புதுசு வந்தா பழைய போனை செல்விகிட்ட குடுத்துடறேன்னு மாப்ள வாக்குக் குடுத்திருக்காரு. புள்ள கொரலைத் தெனம் கேக்கலாம்ல."

அம்மா அதோடு சரி. இப்போதெல்லாம் அக்கா ஞாயிற்றுக்கிழமைதான் பேசுகிறாள். ஜெயங்கொண்டத்தில் அவள் தெருமுனை மளிகைக் கடையின் ஒரு ரூபாய் போன் பெட்டியிலிருந்து, பக்கத்தில் மாமியார் நிற்க. "நல்லாருக்கேன்", "சாப்பிட்டேன்", டொக்.

அக்டோபர் 16, திங்கள்

பள்ளிக்கூடம் மழை லீவு. "நீதான் பிளஸ் ஒன் படிக்கிற, இங்கிலீஷ் தெரியும், எல்லாம் வேலை செய்யுதான்னு பாரு" என்று அப்பா டி.போ.வை (டச் போன்) என்னிடமே கொடுத்துவிட்டார். பூனையிடம் கருவாட்டுக் கூடை.

பார்த்தவரைக்கும்.

நல்லது: பட்டனே கிடையாது. கையடக்க டிவி மாதிரி. போட்டோ எடுக்கும், வீடியோ எடுக்கும், குரலைப் பதியும். திரையில் குச்சியால் எழுதினால் அச்செழுத்தாக மாற்றும், இங்கிலீஷ் மட்டும். ஒவ்வொரு நம்பருக்கும் தனிப் படம், தனிச் சத்தம் வைக்கலாம்.

கெட்டது: நான் இங்கிலீஷில் 'ராஜா' என்று எழுதினால் அது 'பாஜா' என்று படிக்கிறது. என் தமிழ் மிஸ்ஸைவிட மோசம். ஈரக் கையால் தொட்டால் மேலே இருக்கிற பேரைத் தொட கீழே இருக்கிற பேருக்குப் போகிறது. காலையில் சார்ஜ் போட்டால் சாயங்காலம் சாகிறது. குச்சிக்கு ஸ்டைலஸ் என்று பேர். ஸ்டைலும் உண்டு, லூசும் உண்டு. இரண்டு முறை விழுந்துவிட்டது. ஒருமுறை கட்டிலுக்கு அடியில் தேடினேன். அதுவரைக்கும் விளக்கமாற்று ஈர்க்குச்சி. அதுவும் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

தமிழில் மெசேஜ் வந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். என் கையெழுத்து புரியவில்லை என்று மிஸ் திட்டினால் இனி இதைக் காட்டலாம்.

அக்டோபர் 19, வியாழன்

எதிர்வீட்டு எருமையைப் போட்டோ எடுத்தேன். நேர் முகம். காதில் மஞ்சள் கயிறு. நல்ல முகவெட்டு. அது கத்துவதையும் பதிந்தேன், பதினோரு விநாடி. எதற்கு என்று இன்னும் தெரியாது. உதவும்.

அக்டோபர் 21, சனி. தீபாவளி

நல்ல வேளை, காலையில் மழை விட்டது.

கொழுந்தியா மாமாவை வம்பிழுக்கலாம், அது எல்லா வீட்டிலும் உள்ளது. ஆகவே என் கடமையை முடித்தேன். 1. காப்பியில் உப்பு. 2. செருப்பில் ஒன்று கோழிக்கூட்டில். 3. எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு வெந்நீர் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, சீயக்காயோடு கால் மணி நேரம். எல்லாவற்றுக்கும் சிரித்தார். "இதுக்கெல்லாம் சேத்து வெச்சு ஒருநாள் குடுக்கறேன் ஒனக்கு" என்றார். சிரிக்கிற மனுஷன் என்று நினைத்தேன்.

தாம்பாளத்தில் டி.போ. வேட்டி சட்டைக்கு மேல். மாமாவின் கண் வேட்டிக்கே போகவில்லை.

சாப்பிட்டதும் எனக்குப் பாடம் எடுக்கிற வேலை. சிம் மாற்றி, நம்பர் எல்லாம் ஏற்றிக் கொடுத்தேன். ஒவ்வொருத்தருக்கும் தனிச் சத்தம் வைக்கலாம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சத்தமே வராம வைக்க முடியுமா?"

"முடியும் மாமா. ஒங்க மேனேஜருக்கு வெச்சுக்கங்க. அவரு பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருப்பாரு. அவருக்கு ரிங் போற மாதிரியேதான் கேக்கும். இங்க வெளிச்சம் மட்டும்தான் வரும்."

"அடிப்பாவி" என்று சிரித்து, எப்படி என்று இரண்டு தடவை செய்து பார்த்துக்கொண்டார். கெட்டிக்கார மாணவர்.

அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் காட்டுடி" என்றாள். "ஒனக்குத்தான் பழசு வருதுல்ல, அதுல பட்டன் இருக்கும், ஒனக்கு அது போதும்" என்று மாமா சொன்னார். அவளுக்கு அதுவே சந்தோஷம். தாவணி போட்ட காலத்து மாதிரி ஒரு சிரிப்பு.

மாமா தூங்கினதும் எருமை உதவியது. 'அம்மா' என்று இருந்த நம்பருக்கு, அந்த மளிகைக் கடைப் பெட்டி நம்பர்தான் அது, எருமைப் படத்தையும் சத்தத்தையும் வைத்தேன். அத்தையின், அதாவது மாமாவின் அம்மாவின், முகத்துக்கும் எருமைக்கும், சத்தியமாக, நான் ஒப்பிடவே இல்லை. சத்தம்தான் ஒத்துப்போனது.

அக்டோபர் 22, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

அழைத்துப் போக மாமாவின் சித்தப்பா வேன் எடுத்து வந்திருந்தார். கூடத்தில் எல்லாரும். சீர்த் தாம்பாளம் நடுவில், அதன் மேல் டி.போ. சித்தப்பாவுக்குக் காட்டத்தான் அங்கே வைத்தார் மாமா.

அத்தை கடைப் பெட்டியிலிருந்து கூப்பிட்டார். கிளம்பிவிட்டீர்களா என்று கேட்க.

எருமை கத்தியது. பதினோரு விநாடி. நான் நினைத்ததைவிடச் சத்தம். திரை முழுக்க முகம், கீழே 'அம்மா'.

முதலில் சிரித்தது சித்தப்பாதான். "எங்க அண்ணியை அச்சு அசலா எடுத்திருக்கீங்களே" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். மாமாவின் முகம் கறுத்துப்போனது.

"யாரு வெச்சது?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள்.

"நான்தாங்க. சும்மா வெளையாட்டுக்கு."

மாமா எழுந்தார். டி.போ.வை எடுத்துப் பையில் போட்டார். அப்பா, "மாப்ள, சின்னஞ்சிறுசுங்க…" என்று ஆரம்பித்ததைக் கேட்காமல் வேனில் ஏறிவிட்டார். அக்கா பின் சீட்டு. அம்மா கட்டிக்கொடுத்த முறுக்குத் தூக்கு மடியில்.

மணிக்கட்டில் நாலு நகக்குறி. நாலும் பிறைநிலா.

நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

தூறல். அக்கா பேசவில்லை. அம்மா காலையிலிருந்து லேண்ட்லைன் பக்கத்திலேயே பூண்டு உரித்தாள். ஒரு வீட்டுக்கு இவ்வளவு பூண்டு தேவையில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

அப்பா மாமா நம்பருக்கு அடித்தார். முழுசாகப் போய், ஒரு பெண் 'பதில் இல்லை' என்றாள். அந்தப் பெண்ணிடமே நலம் விசாரிக்கலாம் போலிருக்கிறது, அவள்தான் தவறாமல் பேசுகிறாள்.

நவம்பர் 12, ஞாயிறு

அத்தையே கூப்பிட்டார். புது நம்பர். பழைய போன் அவர் கைக்குப் போய்விட்டது. "எம்மவன் எனக்குக் குடுத்துட்டான் சம்பந்தி. எருமைக்கும் ஒரு போன் வேணும்ல" என்றாராம். அப்பா சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

செல்வி எங்கே என்றதற்கு, வேலையாக இருக்கிறாளாம்.

அம்மா அக்காவைத் திட்டினாள். "இவளுக்கு எதுக்கு இந்த வெளையாட்டு. கல்யாணமான புள்ள." எனக்கு முன்னாலேயே. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், கூழாகிற வரைக்கும்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊரையெல்லாம் கலாய்க்கிற வாய்க்கு இரண்டு வார்த்தை வரவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு

அத்தை போனுக்கு நானே அடித்தேன். "குளிக்கிறா." ஒரு மணி நேரம் கழித்து அடித்தேன். "இன்னும் குளிக்கிறா." கொள்ளிடத்தில் இறக்கிவிட்டார்களா என்று கேட்க நாக்கு வரை வந்தது. இப்போதெல்லாம் நாக்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

அரையாண்டு. கணக்கு சுமார். தமிழ் பரவாயில்லை. எதிர்வீட்டு எருமை கன்று போட்டது. போய்ப் பார்க்கவில்லை.

2007 ஜனவரி 13, சனி

பொங்கல் சீர் கொண்டு போனோம், அப்பாவும் நானும். புதுப்பானை, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, பரங்கிக்காய், அக்காவுக்குப் புடவை, இரண்டு கட்டுக் கரும்பு. அரியலூரில் பஸ் மாறும்போது கண்டக்டர், "கரும்பை மேல போடுங்க, யாரு கண்ணையாச்சும் குத்தப்போவுது" என்றார். வழியெல்லாம் சிமெண்ட் லாரி, புழுதி. அப்பாவின் வெள்ளைச் சட்டை ஜெயங்கொண்டம் போவதற்குள் பழுப்பு. பஸ்ஸில் மூன்று மணி நேரமும் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அக்கா இளைத்திருக்கிறாள். "வாங்கப்பா" என்று தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். டி.போ. கூடத்தில், டிவிக்கு மேல், சாய்த்து வைத்திருந்தது. அடியில் பூப்போட்ட துணி. தொட்டால்தான் வேலை செய்கிற போன். அந்த வீட்டில் அதைத் தொடக்கூடாத ஒரே ஆள் எங்கள் அக்கா.

அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தார். மாமா எதிரே உட்கார்ந்தார். சொல்லிவிட்டேன்.

"மாமா, அன்னிக்கு எருமையை வெச்சது நான். அக்கா இல்ல."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

மாமா பதறவே இல்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அவளுக்கு அதைத் தெறக்கவே தெரியாது. அன்னிக்கே தெரியும்." அப்பா பக்கம் திரும்பினார். "ஆனா நாலு பேரு முன்னாடி நான்தான்னு அவ வாயால சொன்னா மாமா. சொன்னா சொன்னதுதான்."

"சின்னதுதான் பண்ணிச்சுன்னு தெரிஞ்சுமா மாப்ள…"

"காப்பி ஆறுது, குடிங்க சம்பந்தி" என்றார் அத்தை.

அப்பா குடித்தார். ஆறிப்போன காப்பியை, ஊதி ஊதி.

அப்போதுதான் டிவிக்கு மேல் வெளிச்சம் வந்தது. சத்தமே இல்லை. திரையில் எருமை. நான் எடுத்த அதே முகம், காதில் மஞ்சள் கயிறு. கீழே இங்கிலீஷ் எழுத்தில் 'பெரம்பலூர்', எங்கள் வீட்டு லேண்ட்லைன். அம்மாதான். நாங்கள் போய்ச் சேர்ந்தோமா என்று கேட்க.

மாமா கை நீட்டவில்லை. அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் எதிர்வீட்டு எருமையைத் தெரியும். நாங்கள் எல்லாரும் அது அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுத்தவள் நான். இரண்டு தடவை.

கொல்லையில் பாத்திரம் கழுவ அக்காவோடு போனேன்.

"ஏங்க்கா நீ சொன்ன?"

"ஒன்னைச் சொன்னா அப்பாவை இழுப்பாங்க. எம்மேலன்னா ரெண்டு நாள்ல ஆறிடும்னு நெனச்சேன்."

"நாங்க எத்தனை தடவை அடிச்சோம் தெரியுமா?"

"தெரியும்டி. சத்தம் வராது. வெளிச்சம் வரும். அடுப்படியில அம்மி பக்கம் நின்னா நல்லாத் தெரியும். பொழுதன்னிக்கும் அங்கதான் நிக்கறேன்." பானையைக் கவிழ்த்தாள். "போன ஞாயித்துக்கெழம நாலு தடவை. மூணாவது தடவை ஏன் சீக்கிரம் வெச்சிட்டீங்க?"

தேய்த்த தட்டையே திரும்பத் தேய்த்தேன்.

"இப்பல்லாம் அந்த எருமையைப் பாத்தா அம்மா ஞாபகம்தான் வருது. அம்மாகிட்ட சொல்லிடாத" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தை உள்ளேயிருந்து, "அங்க என்ன சிரிப்பு" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அரியலூரில் எனக்கு மட்டும் ஒரு தேன்மிட்டாய் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 14, ஞாயிறு. போகி

பனி. தெருவெல்லாம் டயர்ப் புகை. பழைய பாய், கிழிந்த சாக்கு, டி.போ. வந்த அட்டைப் பெட்டி, எல்லாம் கொளுத்தியாயிற்று. பெட்டிக்குள் ஸ்டைலஸ் ஒன்று உபரியாக இருந்திருக்கிறது. உருகும்போதுதான் பார்த்தேன்.

அம்மாவிடம் அப்பாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எடுக்கிறார்களோ இல்லையோ, அடித்துப் பார்க்கிறேன் என்று இப்போது லேண்ட்லைனில் உட்கார்ந்திருக்கிறாள். நாலு ரிங் போனதும், "யாரும் இல்ல போலிருக்கு" என்று வைக்கப் போனாள்.

கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வைக்காதம்மா. முழுசா அடிக்கட்டும். அதுவா நிக்கற வரைக்கும் விடு."