நாலாவது பாட்டு

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பா ஏதோ இருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் பதினோரு நாளாகப் போன் அடிக்கிறேன். நீ எடுப்பதாக இல்லை. அதனால் இதை உன் கிட்டார்க்காரரிடம் கொடுத்து, உன் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நம் தையல் கடையில் நாள் முழுக்க உன் ஆல்பம்தான். கழுத்தில் அளவு நாடாவோடு தூங்கிப்போகிற அக்காவை இரண்டாவது பாட்டில் கிண்டல் செய்திருக்கிறாயே, அந்த இடம் வந்தால் கடைப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாலாவது பாட்டு வந்தால் எல்லா மெஷினும் நின்றுவிடுகிறது. ‘கடைசியில்கூட என்னைத் தேடலையே, அம்மா’ என்கிற இடத்தில் உன் குரல் உடைகிறது. அம்மா போன பிறகு எழுதிச் சேர்த்த அந்தப் பாட்டை ஒரே தடவைதான் பாடினாயாம். உடைந்ததை அப்படியே விட்டுவிடச் சொன்னாயாம். என்னமாய்ப் பாடுகிறாள் என்கிறார்கள். அந்த வரியை உனக்குக் கொடுத்தவள் நான்.

மூன்று மேடைகளில் அந்த வரியோடு நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டாய் என்றும், சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்றும் கிட்டார்க்காரர் சொன்னார். இதற்குமேல் மறைக்க மனசு கேட்கவில்லை.

அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், யாரையும் கேட்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். படுக்கையில் கிடந்த மூன்று நாளும் உன்னைத்தான் கேட்டாள். மாடிப்படியில் யார் ஏறினாலும் ‘சின்னவளா?’ என்பாள். வந்துகொண்டிருக்கிறாள் என்பேன். உடனே தலையை வாரிவிடச் சொல்வாள். உனக்கு நான் தகவலே சொல்லவில்லையடி. உன் ரெக்கார்டிங் முடிய நாலு நாள்தான் இருந்தது, அதற்குள் அம்மா எழுந்துவிடுவாள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். தப்பிவிட்டது. அதற்குப் பிறகு, வராமல் போனோமே என்று நீ உருகக் கூடாதென்று, அவள் தேடவே இல்லை என்றேன். அப்பாவையும் வாய் திறக்க விடவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று இரண்டு தடவை உன் தலையில் கல்லைப் போட்டிருக்கிறேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். போனை எடுத்து வாய்க்கு வந்தபடி திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திட்டு.

இப்போதெல்லாம் படியில் காலடி கேட்டால் அப்பாவும் ‘சின்னவளா?’ என்கிறார். வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே வந்து சொல்லிவிடு, தாயே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா