ஒன்று எண்பதுக்கு வந்த கார்

பாப்பாரப்பட்டி,
சனிக்கிழமை

தர்ஷினி அப்பாவுக்கு அமுதவல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பாப்பாவும் சுகம். அத்தையின் உடம்பு எப்போதும் போலத்தான். எல்லையில் அந்தப் பனியில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ. போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். உங்களுக்கு டவர் கிடைத்துக் கூப்பிட்டால் போதும், வீடே போனைச் சுற்றி நின்றுகொள்கிறது. இது அத்தனை பேர் காதிலும் விழ வேண்டிய விஷயம் இல்லை.

கார் வாங்கியாயிற்று. வெள்ளை ஆல்டோ, 2014 மாடல், ஒரு லட்சத்து எண்பதாயிரம். நீங்கள் அனுப்பிய பணத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. அதற்குள் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், முழுவதும் படியுங்கள்.

அத்தை டயாலிசிஸ் முடிந்து வரும்போது தருமபுரி பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் இனிமேல் பஸ் வேண்டாம், கார் வாங்கினால் உங்கள் தம்பி கலைவாணன் ஓட்டுவார், நான் மெதுவாகக் கற்றுக்கொள்கிறேன் என்று பேசி வைத்தோம். ஆனால் நம் பணத்துக்கு வந்த வண்டிகள் இருக்கிறதே! ஒன்றின் பின்சீட்டுக்கு அடியில் சேறு காய்ந்து கிடந்தது, எந்த ஊர் வெள்ளத்தில் மிதந்ததோ. காரிமங்கலத்தில் ஒன்றைக் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன், அப்போதே பானெட் சுட்டது. ஸ்டார்ட் ஆகாத கோளாறு தெரியக் கூடாதென்று, நான் வருவதற்கு முன்னால் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான். இன்னொருவர், ஒரே ஓனருங்க, டாக்டர் வச்சிருந்த வண்டிங்க என்றார். நான் பார்த்த ஆறு வண்டியில் நாலு டாக்டர் வண்டிதான்.

அப்போதுதான் உங்கள் தம்பி இந்த ஆல்டோவைக் கொண்டுவந்தார். பாத்திரக்கடை அன்வர் பாஷா பாயின் வண்டி. அதில் ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப் போய்க் கதவெல்லாம் வைத்துப் பார்த்தேன். அடிபட்டுப் பட்டி பூசின இடத்தில் காந்தம் ஒட்டாதாம். எல்லா இடத்திலும் ஒட்டியது. மெக்கானிக் நல்ல வண்டி என்றார். அவர் உங்கள் தம்பியோடு டீ குடித்ததைப் பார்த்துவிட்டேன், அதனால் பொம்மிடியிலிருந்து வேறு ஒருவரை வரவழைத்தேன். அவரும் அதையே சொன்னார்.

ஆனால் இந்த மாடல் வெளியில் இரண்டு முப்பதுக்குக் குறைந்து கிடைக்கவில்லை. ஐம்பதாயிரத்தை விட்டுக்கொடுக்க பாய் என்ன நமக்குச் சொந்தமா? அதே வாரம் உங்கள் தம்பி வீட்டுக் கொட்டகையில் ஜெர்சி மாட்டையும் காணோம். கேட்டால், பால் வத்திப்போச்சு அண்ணி, வித்துட்டேன் என்றார். அதற்கு முந்தின வாரம்கூட அந்த மாட்டுப் பாலைத்தான் பாப்பாவுக்கு ஆற்றிக் கொடுத்தேன். ரம்மி விளையாட்டில் பணத்தை விட்டுவிட்டார், அந்த ஓட்டையை அடைக்க நம் தலையில் எதையோ கட்டிக் கமிஷன் பார்க்கிறார் என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன். அத்தைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு வாங்கினேன்.

மூடின வாய் முனியப்பன் கோயிலில் திறந்துகொண்டது. போன ஞாயிறு வண்டிக்குப் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சொந்தக்காரர்கள் இருபது பேர் நிற்கிறார்கள், தட்டில் சூடம் எரிகிறது. உங்கள் தம்பி சாவியோடு ஏறப் போனார். நான் தட்டை அவர் முன்னால் நீட்டி, இந்த வண்டி விவகாரத்தில் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு ஏறுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், கையைத் தூக்கவே இல்லை. சாவியைத் தட்டில் வைத்துவிட்டு ரோட்டில் இறங்கி நடந்தார். மாட்டிக்கொண்டார் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் கமிஷனைத் திருப்பிக் கேட்கலாம் என்று பாய் கடைக்குப் போனேன். என்ன மறைக்கிறீர்கள், எங்கே அடிபட்ட வண்டி என்று நான் சத்தம் போட, அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டி விலை ரெண்டு முப்பதும்மா, உங்க கொழுந்தன் மாட்டை வித்து அம்பதைக் குடுத்துட்டு, அண்ணிகிட்ட ஒண்ணு எம்பதுன்னு மட்டும் சொல்லுங்க பாய்னு கெஞ்சினாரு, சொல்லமாட்டேன்னு நானும் வாக்குக் குடுத்திருந்தேன் என்றார். கடையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் மறைத்தார் என்று பாயிடம் நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். போன வருஷம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர் கொடுத்த ஐயாயிரத்தை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று முகத்தில் அடித்தாற்போல் திருப்பிக் கொடுத்தவள் நான்தானே. அத்தை அவருக்கும் அம்மா என்பது அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை. சாமி முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய அவருக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொல்லி இருபது பேர் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்கவும் மனசு வரவில்லை.

அன்றிலிருந்து அவர் இந்தப் பக்கம் வரவில்லை. வேறு டிரைவர் வைத்தேன். அத்தை காரைத் தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டார். எம் பையன் ஓட்டினா ஏறறேன், இல்லாட்டி பஸ்சு இருக்குது என்கிறார். செவ்வாயும் போய் வந்தோம், நேற்றும் போய் வந்தோம், பஸ்ஸில்தான். நேற்று திரும்பும்போது உட்கார இடம் கிடைக்கவில்லை. என் தோளில் சாய்ந்தபடியே இண்டூர் வரை நின்றுகொண்டு வந்தார்.

உங்கள் தம்பி வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். அந்தக் காலிக் கொட்டகையைத் தாண்டி உள்ளே போக என் கால் வரவில்லை. உங்களுக்கும் இது முன்னாலேயே தெரியுமோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. தெரிந்திருந்தால் எனக்குச் சொல்லிவிடாதீர்கள்.

முனியப்பன் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கடிதம் கிடைத்ததும் முதலில் உங்கள் தம்பிக்குப் போன் போடுங்கள். அம்மா பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறார் என்று மட்டும் சொல்லுங்கள். நான் சொல்லச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இல்லை, நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அமுதவல்லி