அமாவாசையில் எடுத்த அளவு

ஐப்பசி, வியாழன்.

பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு இன்று கருத்துக்கேட்புக் கூட்டம். முப்பது ஆண்டுக்கு உழைக்க வேண்டிய குழாய். தெருத்தெருவாகக் கழிவுநீரை அளந்து, குழாயின் அகலத்தை முடிவு செய்த பொறியாளர் நான்தான்.

பள்ளத் தெருவில் பட்டுக்குச் சாயம் போடும் காமாட்சியம்மா எழுந்தார்.

"சார், நீங்க வந்து அளந்துகினு இருந்தது அமாவாசை அன்னிக்குங்க. அன்னிக்கு ஒரு தறி ஓடாது, ஒரு பட்டறையிலயும் சாயத் தண்ணி கொட்டமாட்டோம். அந்த அளவுக்குக் குழாய் போட்டா, மத்த நாள்ல சாக்கடைத் தண்ணி எங்க ஊட்டுக்குள்ளதானே வரும்?"

எனக்குத் தெரியும். நானும் தறிக்காரன் மகன். சாக்கடை காய்ந்திருக்கும், வேலை ஜல்தியாக முடியும் என்றுதான் அந்த நாளில் போனேன். மறுபடி அளந்தால் இந்த ஆண்டு நிதி திரும்பிப் போய்விடும். காரணமும் சொல்ல வேண்டியிருக்கும்.

"முப்பது வருஷத் திட்டம்மா இது. அதுவரைக்கும் நீங்க இருப்பீங்களா?" என்றேன். கூட்டமே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. "நான் இருக்கமாட்டேங்க. உங்க குழாய் இருக்கும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

'ஆட்சேபம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வீடு மேட்டுத் தெருவில் இருக்கிறது. தூக்கம் வந்துவிடும்.