நிற்காமல் வாசிப்பது

மார்ச் 3, செவ்வாய்

முப்பது வருடமாகப் பியானோ வாசிக்கிறேன். இன்று நாற்பது பேர் முன்னால் மானம் போனது. பாடகர் குழுவின் பியானோக்காரி பிரசவ விடுப்பில் போனதால் நான்கு மாதத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழுத் தலைவர் புதுப் பாடலின் இசைத்தாளை முன்னால் வைத்து, "ஆரம்பிக்கலாமா மேடம்?" என்றார். மூன்றாவது வரியில் நின்றேன். திரும்ப ஆரம்பித்தேன், மறுபடி நின்றேன். பாடுகிறவர்கள் திறந்த வாயோடு காத்திருந்தார்கள்.

மனப்பாடமாக ஒரு மணி நேரக் கச்சேரி செய்வேன். புதுத் தாள் என்றால் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். இவ்வளவு நாள் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"தப்பா வாசிச்சாலும் பரவாயில்ல மேடம். நிக்க மட்டும் வேண்டாம்" என்றார் தலைவர்.

மார்ச் 5

மகள் சின்ன வயதில் வாசித்த முதல் பியானோ பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஒரு பாட்டு ஒரு தடவைதான். இரண்டாம் தடவை என்றால் மனப்பாடம் புகுந்துவிடும். "அம்மா, உனக்கு வெக்கமாவே இல்லையா?" என்று சிரித்தாள். இருக்கிறது. வாசித்தேன்.

மார்ச் 19

கண் திரும்பத் திரும்பக் கைக்கே போகிறது. என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர். சமையலறையிலிருந்தே கத்தினார்: "ரோட்டப் பாரு! ஸ்டியரிங் எங்கயும் ஓடிப் போகாது!" வந்து என் கைகளின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போனார். எரிச்சலாக வந்தது. ஆனால் — மனுஷன் சொன்னது சரிதான்.

ஏப்ரல் 8

விரல் ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். போதும்டா சாமி.

ஏப்ரல் 27

இன்று கை ஒரு வரியில் இருக்கும்போதே கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. தானாக! முடித்த பிறகுதான் உறைத்தது. எழுந்து அறைக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தேன்.

ஜூன் 9

தலைவர் தானே எழுதிய பாட்டு, ஆறு பக்கம், கோழிக் கிறுக்கல். நான்காம் பக்கத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டது. பழைய நானாக இருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். இடது கை தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, வலது கையால் தாளைப் பிரித்தேன். நான்கு தப்பு. நிற்கவில்லை. நிற்கவே இல்லை! பாடியவர்களும் நிற்கவில்லை.

"இத முன்னாடியே யாராவது காட்டிட்டாங்களா மேடம்?" என்றார் தலைவர்.

"இல்ல சார். இப்பதான் பாக்கறேன்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி, லைசென்ஸ் குடுத்தாச்சு" என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஜூலை 2

பியானோக்காரி வேலைக்குத் திரும்பிவிட்டாள். விடைபெறப் பையை எடுத்தேன். தலைவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "அடுத்த வருஷத்துக்கு எதெல்லாம் எடுக்கலாம்னு நீங்கதான் வாசிச்சுப் பாத்துச் சொல்லணும்."

அறுபத்திரண்டு பாடல்கள். ஒன்றைக்கூட இதற்கு முன் பார்த்ததில்லை. இப்போது பதினான்காவதில் இருக்கிறேன்.